காற்றும் ஏற்றமும் உள்ள நெடுந்தூரப் பாதையில் கிளப் நண்பர்களோடு: முதன்முறை கிளம்புபவருக்கு

சைக்கிள் கிளப்பின் நெடும்பயணத்துக்கு எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்கள், நீங்களும் கொடுத்துவிட்டீர்கள். 120 கிலோமீட்டரோ 160 கிலோமீட்டரோ போக வேண்டும். நடுவில் மூன்று நான்கு ஏற்றங்கள், மேலே மரமே இல்லாத வெட்டவெளி, அங்கே ஓயாத காற்று. இதுவரை தனியாக ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதித்தவருக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

இப்படி முதன்முறை வருகிறவர்களோடு பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். பாதியில் நின்றுபோனவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வலுவில் குறை இருக்கவில்லை. முதல் இரண்டு மணி நேரத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வரும்: வலுவை எங்கே மிச்சம் பிடிப்பது, எங்கே கொடுப்பது?

பாதையை முதலில் படியுங்கள்

தூரத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் என்றால் மேடும் பள்ளமுமான பாதை. 2,000 மீட்டர் என்றால் அது மலை, பேச்சே இல்லை. ஒவ்வொரு ஏற்றமும் எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், சரிவு எத்தனை சதவீதம் என்பதைச் சின்னத் துண்டுத் தாளில் எழுதி, சைக்கிளின் மேல்குழாயில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். சராசரிச் சரிவை அப்படியே நம்பக் கூடாது. சராசரி 5 சதவீதம் என்று போட்டிருக்கும், ஆனால் நடுவில் ஒரு சமதளம் வந்திருக்கும், அதை ஈடுகட்ட ஓரிடத்தில் 10 சதவீதம் நிமிர்ந்து நிற்கும்.

முந்தைய நாள் மாலை காற்று எந்தத் திசையிலிருந்து வீசப்போகிறது என்று பார்த்து, வரைபடத்தில் அம்புக்குறி போடுங்கள். சுற்றிவரும் பாதையில் எந்தப் பகுதி எதிர்காற்று, எது பக்கக்காற்று, எது பின்காற்று என்பது அப்போது தெரிந்துவிடும். போகும்போது பின்காற்று, திரும்பும்போது எதிர்காற்று என்றால் கூடுதல் கவனம் வேண்டும். காலையில் எல்லாரும் பறப்பார்கள், 'இன்றைக்கு நமக்கு நல்ல நாள்' என்று தோன்றும். அந்த வேகம் காற்று கொடுத்தது, உங்கள் கால் கொடுத்ததில்லை. மாலையில் காற்று அதைத் திருப்பிக் கேட்கும்.

நிகழ்வுக்கு நேரக் கெடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிரெவே வகைப் பயணங்களில் (போட்டி இல்லை, ஆனால் கெடுவுக்குள் முடிக்க வேண்டும்) 200 கிலோமீட்டரை முடிக்க 13 மணி 30 நிமிடம் தருவார்கள். சராசரி 15 கிலோமீட்டர் வேகம் போதும் என்று கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சாப்பிட நின்றது, பஞ்சர் ஒட்டியது, தண்ணீர் நிரப்பியது எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும்.

உடம்பும் வண்டியும்

வாரம் ஒரு நீண்ட பயணம் வைத்துக்கொண்டு, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நிகழ்வுத் தூரத்தில் முக்கால் பங்கை ஒரு தடவையாவது ஓட்டியிருந்தால் போதும். அதையும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி வாரம் லேசாகச் சுற்றி வந்தால் சரி. காற்று பலமாக வீசும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று மனம் சொல்லும். அந்த நாளில்தான் வெளியே போக வேண்டும். அதே நண்பர்களோடு குழுவாக மூன்று தடவையாவது ஓட்டிப் பழகாமல் வராதீர்கள். இன்னொருவருடைய பின்சக்கரத்துக்கு ஒட்டிப் போவது பழகினால் மட்டுமே வரும்.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கியர். முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 34 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. நிமிடத்துக்கு 70 தடவை மிதித்தால் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வேகம் வரும். முதன்முறை மலை ஏறுகிறவருக்கு இதுதான் சரியான கியர். பின்னால் 25 அல்லது 28 பல்லோடு வந்து செங்குத்தில் முழங்காலை முறுக்கிக்கொள்வதை விட, கேசட்டை, அதாவது பின் பல்சக்கரத் தொகுப்பை, மாற்றிக்கொண்டு வருவது நல்லது. மாற்றும்போது பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) அந்த அளவைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் கட்டைகளும் டயரும் தேய்ந்திருந்தால் ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். புதிய பாகம் எதையும் முதல்நாள் இரவு மாட்டாதீர்கள். பக்கவாட்டு உயரம் அதிகமான ரிம் உள்ள சக்கரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பக்கக்காற்று அதைப் பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளும். காற்றுள்ள நாளில், குறைந்தபட்சம் முன்னாலாவது சாதாரண உயரமுள்ள ரிம்மைப் போடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு டியூப், டயர் நெம்பி, பம்ப், பஞ்சர் ஒட்டும் பட்டை, மல்டி டூல், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, முன் பின் விளக்கு, கொஞ்சம் பணம், போன். அப்புறம் மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று. எடைக்கு அஞ்சி அதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் எடை சுமார் 150 கிராம். 8 சதவீத ஏற்றத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதைச் சுமக்க அரை வாட் சக்திகூடச் செலவாகாது. மலை உச்சியில் வியர்வை நனைந்த உடம்போடு காற்றில் நிற்கும்போது அதன் மதிப்பு தெரியும்.

முதல் மணி நேரம்

கிளம்பும் இடத்தில் கூட்டம், ஆரவாரம், படபடப்பு. பக்கத்துக் குழு விர்ரென்று போகும். போகட்டும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். பேச்சு இரண்டு இரண்டு சொல்லாக உடைந்தால் வேகம் அதிகம். இதைக் குழுவில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். 'கொஞ்சம் குறைக்கலாமா?' என்று பத்தாவது கிலோமீட்டரில் கேட்பவரால் யாருக்கும் தொல்லை இல்லை. கேட்காமல் எண்பதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுபவருக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டி வரும்.

காற்று மறைவில் ஓட்டுவது

இதுதான் குழுப் பயணத்தின் உயிர், ஆகவே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

காற்றின் தடை, நீங்கள் காற்றை எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாத நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதே வேகத்தில் 20 கிலோமீட்டர் எதிர்காற்றுக்குள் போனால், உங்கள் நெஞ்சில் படும் காற்றின் வேகம் 45. தடை மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். ஆகவே எதிர்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடித்து வைக்க முயலக் கூடாது. மூச்சும் காலும் வழக்கமான உழைப்பில் இருக்கட்டும், வேகம் எவ்வளவு வருகிறதோ வரட்டும். வேகமானியைப் பார்த்து மனம் தளர்பவர்கள் அந்தத் திரையை மாற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொருவருக்குப் பின்னால் நெருங்கிப் போனால், சமதளத்தில் உழைப்பு நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். எவ்வளவு நெருக்கம்? பழகியவர்கள் அரைச் சக்கர தூரம் விடுவார்கள். புதியவருக்கு ஒரு மீட்டர் போதும், அந்த இடைவெளியிலும் மறைவு நன்றாகவே கிடைக்கும். நடுங்கிக்கொண்டு ஒட்டிப் போவதை விட, ஒரு மீட்டர் விட்டு நிம்மதியாகப் போவது மேல்.

பின்னால் போகும்போது மனதில் பதிய வேண்டியவை சில. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று போல வரக் கூடாது. அவர் ஒரு கையகலம் விலகினாலும் சக்கரங்கள் உரசும், விழுவது பின்னால் இருப்பவர்தான். சக்கரத்தையே வெறித்துப் பார்க்காமல், அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். இடைவெளி குறைந்தால் சட்டென்று பிரேக் பிடிக்காமல் மிதிப்பதை நிறுத்துங்கள், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் காற்று பட்டதும் வேகம் தானாகக் குறையும்.

வாயைத் திறக்கவும் பழகுங்கள். 'பள்ளம்', 'மெதுவா', 'நிக்கிறோம்', 'பின்னால வண்டி' என்று முன்னால் இருப்பவர் சொன்னதைப் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டும். பலத்த காற்றில் குரல் மூன்றாவது ஆளைக்கூட எட்டாது. அதனால் கை சைகையும் சேர்த்தே வேண்டும்.

வரிசையின் முன்னால் போய்க் காற்றைத் தாங்கும் முறை, அதாவது 'இழுக்கும்' முறை, உங்களுக்கும் வரும். அந்த நேரத்தில் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: தங்கள் வலுவைக் காட்ட இரண்டு கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அதுவரை முன்னால் இழுத்து களைத்துப் பின்னால் போனவர் அந்த நொடியிலேயே வரிசையை விட்டுக் கழன்றுவிடுவார். முந்தையவர் எந்த வேகத்தில் விட்டாரோ அதே வேகத்தில் தொடருங்கள். லேசான மேட்டில் கொஞ்சம் தளர்த்துங்கள். லேசான இறக்கத்தில் மிதித்துக்கொண்டே இருங்கள், நீங்கள் சும்மா உருண்டால் பின்னால் எல்லாரும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். திருப்பம் தாண்டியதும் உடனே வேகம் எடுக்காதீர்கள். வரிசையின் கடைசி ஆள் இன்னும் திருப்பத்துக்குள்தான் இருப்பார், விட்ட இடைவெளியை எட்டிப் பிடிக்க அவர் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். ஒரு நாளில் இப்படி ஐம்பது தடவை நடந்தால் அவர் கதை முடிந்தது.

எதிர்காற்றில் ஒருவர் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் முன்னால் இருந்தால் போதும். களைப்பாக இருந்தால் இருபது நொடி மட்டும் இழுத்துவிட்டு விலகுங்கள். அதுவும் முடியவில்லையா, கடைசியிலேயே இருந்துகொண்டு அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விலகும் முன் பின்னால் வண்டி வருகிறதா என்று பாருங்கள், கை காட்டுங்கள், கொஞ்சம் தளர்த்தி வரிசை கடக்க விடுங்கள். கடைசி ஆள் 'கடைசி' என்று சொன்னதும் அவர் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அசந்தால் ஒரு நொடியில் ஐந்து மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். எதிர்காற்றில் அந்த ஐந்து மீட்டரை மூடுவது ஒரு சின்ன மலை ஏறுவதற்குச் சமம்.

பக்கக்காற்று வேறு விதம். இடமிருந்து காற்று வந்தால், மறைவு முன்னவருக்கு நேர் பின்னால் இருக்காது, வலப்புறமாகச் சாய்ந்து கிடக்கும். அதனால் வரிசையும் சாய்வாக அமையும். மூடிய சாலையில் பந்தய வீரர்கள் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு இப்படிச் சாய்ந்து போவார்கள். போக்குவரத்து உள்ள சாலையில் உங்கள் பாதிக்குள் நான்கு பேருக்கு மேல் சாய்ந்து போக இடம் போதாது. ஆகவே பெரிய குழுவை நான்கு நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள். முன்னால் போகிறவர் மறைவு விழும் பக்கம் மற்றவர்களுக்கு இடம் விட்டுப் போக வேண்டும், விலகும்போது காற்று வரும் பக்கமாக விலக வேண்டும். பாதுகாப்பாக அதற்கு இடமில்லை என்றால் மறைவை மறந்துவிட்டு, இடைவெளியைக் கூட்டி ஒற்றை வரிசையில் போங்கள்.

திடீர் வீச்சுக்கும் தயாராக இருங்கள். சுவர், பாறை, நிற்கும் லாரி, மரக்கூட்டம் எது முடிந்தாலும் அடுத்த நொடி காற்று அடிக்கும். அந்த இடம் வரும் முன்பே கைப்பிடியைக் கீழ்வளைவில் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, குனிந்து கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்தால் உடம்பு வாங்கும் அடி முழுவதும் ஹேண்டில்பாருக்குப் போய்ச் சேரும். 2015இல் பெல்ஜியத்தின் கெண்ட்–வெவெல்கெம் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டனின் ஜெரெய்ன்ட் தாமஸ் போன்ற தேர்ந்த வீரரையே காற்று சாலையை விட்டுத் தள்ளியது. நிற்கவே முடியாத காற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்த வெட்கமும் இல்லை. 2016 டூர் டி பிரான்ஸில் மோன் வான்ட்டூ மலையுச்சியில் முடிய வேண்டிய நாளின் ஓட்டத்தையே, காற்றின் காரணமாக 6 கிலோமீட்டர் கீழேயே முடித்துக்கொண்டார்கள்.

ஏற்றம்

ஏற்றத்தில் குழு என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். அங்கே எதிரி புவியீர்ப்பு, ஆளுக்கு ஆள் எடையும் வலுவும் வேறு. அவரவர் வேகத்தில் ஏறி, மேலே கூடுவது என்று அடிவாரத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. 8 கிலோமீட்டர் ஏற்றத்தை 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 48 நிமிடம். 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 53 நிமிடம். வித்தியாசம் ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக மூச்சு முட்ட மிதித்தால், அடுத்த ஏற்றத்தில் அதைப் போல மூன்று மடங்கு இழப்பீர்கள். அடிவாரத்தில் 'இது ரொம்ப மெதுவோ' என்று தோன்றும் வேகத்தில் தொடங்குங்கள். பாதி தாண்டியதும் வலு மிச்சமிருந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

கியரைச் செங்குத்து வரும் முன்பே குறைத்துவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் நறநறக்கும், கழன்றும் போகலாம். உட்கார்ந்தே ஏறுவது சிக்கனம். முதுகு பிடித்துக்கொண்டால் அவ்வப்போது எழுந்து நின்று மிதிக்கலாம். ஆனால் எழும் நொடியில் சைக்கிள் சற்றுப் பின்னால் வரும், ஒட்டி வருகிறவர் அதில் மோதிக்கொள்வார். ஒரு கியர் கடினமாக்கி, பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டே எழுந்தால் அது நடக்காது. கொண்டை ஊசி வளைவின் உள்ஓரம் மிகச் செங்குத்து. உங்கள் பக்கத்துக்குள்ளேயே, பின்னால் வண்டி வராதபோது சற்று அகலமாகத் திரும்பினால் மூச்சுக்கு இதமாக இருக்கும்.

காற்று மறைவுக்கு ஏற்றத்தில் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். காற்றில்லாத நாளில் அது ஓரளவு சரி. ஆனால் வெட்டவெளி ஏற்றத்தில் நீங்கள் 10 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே 35 கிலோமீட்டர் காற்று அடித்தால், நெஞ்சில் படுவது 45 கிலோமீட்டர் காற்று. சமதளத்தில் வேகமாகப் போவது போலத்தான். அங்கே முன்னால் ஒருவர் இருப்பது பெரும் உதவி. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒரு நீட்டம் எதிர்காற்றாக இருக்கும், வளைவு திரும்பியதும் அது பின்காற்றாகிவிடும். எதிர்காற்று நீட்டத்தில் யாரோடாவது சேர்ந்துகொண்டு ஏறுங்கள். பின்காற்று வரும் நீட்டத்தில் மூச்சு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள்.

எனக்கு மலையை விடக் காற்றுதான் கடினம். மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். காற்று எப்போது நிற்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. அதனால்தான் ஏற்றத்தில் மிச்சம் பிடித்ததைக் காற்றுக்காக வைத்திருக்கச் சொல்கிறேன்.

உச்சியும் இறக்கமும்

உச்சியிலேயே கூடாதீர்கள். சற்று இறங்கி, காற்று மறையும் இடத்தில், சாலையை விட்டு விலகி நில்லுங்கள். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். இறக்கத்தின் வேகமும் சேர்ந்தால் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. காற்றுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜிப்பை முழுதும் ஏற்றிய பிறகே இறங்குங்கள். கடைசியாக வருபவர் வந்ததும் உடனே கிளம்பிவிடக் கூடாது. அவருக்குத்தான் ஓய்வு தேவை.

இறக்கத்தில் இடைவெளியை நான்கைந்து வண்டி நீளமாவது கூட்டுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில் இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். வெளிப்பக்கக் காலைக் கீழே வைத்து அதன்மேல் எடையைப் போடுங்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். வழிநெடுகப் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறும். அழுத்திப் பிடியுங்கள், பிறகு விடுவியுங்கள், மறுபடி அழுத்திப் பிடியுங்கள், விடுவியுங்கள். முன்னால் போனவரை எட்டிப் பிடிக்கும் இடம் இறக்கம் இல்லை. கீழே காத்திருப்பார்கள்.

சாப்பாடு

பசிக்கும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். உடம்பில் சேமித்த மாவுச்சத்து கடும் உழைப்பில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். கிளம்பி அரை மணி நேரத்திலேயே தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது, கணக்குக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். ஒரு பாட்டிலில் உப்பு கலந்திருக்கட்டும். குழுவில் கடைசிக்குப் போய்ச் சாப்பிடுங்கள், காற்று அடிக்கும் இடத்தில் ஒற்றைக் கையோடு பொட்டலம் பிரிக்க வேண்டாம்.

நண்பர்கள்மேலும் ஒரு கண் வையுங்கள். கலகலவென்று பேசி வந்தவர் மௌனமானால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அடிக்கடி இரண்டு மீட்டர் பின்தங்கினால், அவர் சர்க்கரை தீர்ந்துபோகும் நிலையில் இருக்கிறார். கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பார். நிறுத்தி, இனிப்பாக எதையாவது கையில் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும் வரை கூடவே நில்லுங்கள். அப்புறம் கால் மணி நேரம் மிக மெதுவாகப் போனால் பெரும்பாலும் மீண்டுவிடுவார்.

கடைசி நாற்பது கிலோமீட்டர்

ஒருமுறை நாங்கள் ஐந்து பேர், கடைசி 40 கிலோமீட்டர் முழுக்க எதிர்காற்று. எங்களில் ஒருவருக்கு அதுதான் முதல் நீண்ட பயணம், கால் முழுதும் தீர்ந்திருந்தது. நான்கு பேர் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக மாறி இழுத்தோம். அவர் நடுவில் இருந்தார், ஒவ்வொரு தடவையும் தன் முறைக்கு வந்து பத்து நொடி இழுத்துவிட்டு விலகினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. வேகம் 18க்கு மேல் போகவே இல்லை. ஐந்து பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த 18ஐ விட நல்ல வேகத்தில் நான் எங்கும் ஓட்டியதாக நினைவில்லை.

இந்தப் பகுதியில் பலவீனமானவரைக் கடைசியில் விடாதீர்கள், வரிசையின் நடுவில் வையுங்கள். கடைசியில் இருப்பவர் கழன்றுபோனால் யாருக்கும் தெரியாது. கடைசி இடத்தில் வலுவான, பொறுமையான ஒருவர் இருக்கட்டும். இடைவெளி விழுந்தால் குரல் கொடுப்பதும், தேவைப்பட்டால் அதை மூடிக் கொடுப்பதும் அவர் வேலை.

போய்ச் சேர்ந்ததும் முதலில் ஈரச் சட்டையை மாற்றுங்கள், அடுத்த அரை மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். பிறகு தலைகளை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் இருவர் வந்த வழியே திரும்பிப் போய்ப் பாருங்கள்.